அல்போன்சாவின் தொண்டை

சாந்தோமில், மாதா கோயிலுக்குப் பின்னால் கடலைப் பார்த்துப் போகும் ஒரு சந்தில் பவுல்சாமி வாத்தியாரின் ஓட்டு வீடு இருந்தது. மெதுவாகப் பேசுகிறவர்களின் வீடு அது. வாத்தியார் கோயில் பள்ளிக்கூடத்தில் காலமெல்லாம் பாடம் சொன்னவர். பிரம்பைத் தொட்டதில்லை, குரலை உயர்த்தியதுமில்லை. இளைய மகள் வெரோனிகா பேசினால் பக்கத்தில் போய் நின்றுதான் கேட்க வேண்டும். தாயாரும் அப்படித்தான் இருந்தாராம். வெரோனிகா தவழும் வயதிலேயே அவர் போய்விட்டார்.

மூத்தவள் அல்போன்சா மட்டும் வேறு எந்த வீட்டிலோ பிறக்க வேண்டியவள் தவறி இங்கே வந்துவிட்டதுபோல இருந்தாள். அவள் அடுக்களையிலிருந்து "அப்பா, காப்பி ஆறுது" என்றால், கடற்கரையில் வலை உலர்த்துகிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். கோபம் என்று இல்லை. சந்தோஷம், பசி, ஜெபம் எல்லாமே அவளுக்கு ஒரே உயரத்தில்தான் வெளியே வந்தன. பத்து வயதில் கோயில் பாட்டுக் குழுவில் சேர்த்தார்கள். கிறிஸ்துமஸுக்கு முன்னால் ஒத்திகை நடந்தபோது பாட்டுச் சொல்லிக்கொடுத்தவர் கையைக் காட்டி எல்லோரையும் நிறுத்திவிட்டு, "அல்போன்சா, நீ வாயை மட்டும் அசை, போதும்" என்றார். மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள். அவளும் சேர்ந்து சிரித்தாள். ஆனால் அந்த நடுராத்திரிப் பூசையில் பீடத்துக்குப் பக்கத்தில் நின்று வெறும் வாயை அசைத்துக்கொண்டிருந்தபோது, தன்னிடம் ஏதோ ஒரு கோணல் இருக்கிறது, அதை மறைத்துக்கொண்டுதான் பிழைக்க வேண்டும் என்ற எண்ணம் அவளுக்குள் விழுந்துவிட்டது.

"மெதுவாம்மா" என்பார் வாத்தியார். கண்டிப்பாகச் சொல்வதில்லை, சொல்லும்போது முகம் லேசாகச் சுருங்கும். அந்தச் சுருக்கம்தான் அவளைக் குத்தும்.

அவளுடைய குரலைப் பிடித்திருந்தது ஒரே ஒருவனுக்குத்தான். அவன் அவளைக் கட்டிக்கொண்ட வில்லியம். மின்சார ரயிலில் கார்டாக இருந்தான். மாம்பலத்தில் தண்டவாளத்தை ஒட்டிய வீட்டில் குடித்தனம். அவனுடைய வண்டி அந்தப் பக்கம் போகும் நேரம் அவளுக்குத் தெரியும். வேலியோரம் வந்து நின்று, "வரும்போது மீன் வாங்கிட்டு வாங்க" என்று ஒரு குரல் கொடுப்பாள். அத்தனை பெட்டிச் சத்தத்தையும் தாண்டி அது கடைசிப் பெட்டிக்குப் போய்ச் சேரும். ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பவர்கள் சிரிப்பார்கள். வில்லியம் பச்சைக் கொடியை வெளியே நீட்டி ஆட்டுவான்.

"எல்லாரும் சிரிக்கறாங்க, உங்களுக்கு வெக்கமா இல்லையா?" என்று ஒருநாள் கேட்டாள்.

"எனக்கு எதுக்கு வெக்கம்? தாம்பரத்துல இருந்தாலும் உன் சத்தம் காதுல இருக்கு. வீடு பக்கத்துலயே வர மாதிரி இருக்கு" என்றான் அவன்.

மூன்று வருஷம்கூட முழுதாக ஆகவில்லை. விஷ ஜுரம் வந்து வில்லியம் போய்விட்டான். பிள்ளை இல்லை. அல்போன்சா ஒரு தகரப் பெட்டியோடு அப்பா வீட்டுக்குத் திரும்பி வந்தாள். அப்போது அவளுக்கு இருபத்தைந்து வயது.

அடுத்த வருஷம் வெரோனிகாவுக்கு வரன் வந்தது. பரங்கிமலைப் பக்கத்துக் குடும்பம். நல்ல குடும்பம் என்று எல்லோரும் சொன்னார்கள். பையனும் அடக்கமானவன். வெற்றிலை பாக்கு மாற்றிக்கொள்ள ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். வேதக்காரக் கிறிஸ்தவ வீடானாலும் புருஷனை இழந்தவள் முன்னால் வந்து நிற்பதை அப்போது யாரும் விரும்புவதில்லை. அல்போன்சாவும் அடுக்களையை விட்டு வரவில்லை. பலகாரத்தட்டுகளை அடுக்கியபடி கதவிடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டிலிருந்த நாற்காலிகள் எல்லாவற்றிலும் பிள்ளைவீட்டார் உட்கார்ந்திருந்தார்கள். வாத்தியார் நின்றார். அவருக்கு இடது காலில் வாதம். அதிக நேரம் நின்றால் சுவரைப் பிடித்துக்கொள்வார். அன்று சுவரையும் பிடிக்காமல், கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பிள்ளையின் மாமன் தாட்டியான ஆள். "வாத்தியாரே, தண்ணி" என்றார். வாத்தியார் கொண்டு வந்து கொடுத்தார். "வாத்தியாரே, வெத்திலை எங்க?" அதையும் எடுத்து வந்தார். பலகாரம் தின்றுவிட்டு அந்த மனிதர் உட்கார்ந்த இடத்திலேயே கையை நீட்டினார். வாத்தியார் செம்பையும் தாம்பாளத்தையும் எடுத்துக்கொண்டு குனிந்து, அவர் கைக்குத் தண்ணீர் ஊற்றினார். குனிந்தவருக்கு நிமிர முடியவில்லை. கால் நடுங்கியது. கூடத்தில் யாரும் அதைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

"அப்பா, உக்காருங்க!"

அடுக்களைக் கதவு திறந்ததும் அந்தக் குரல் வந்ததும் ஒன்றாக நடந்தது. தாம்பாளம் கீழே விழுந்தது. அதோடு அவள் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. "பொண்ணு எடுக்க வந்தீங்களா, எங்கப்பாவ எடுபிடி வேலைக்கு வைக்க வந்தீங்களா? உங்களுக்குக் கை கழுவ முற்றம் இல்லையா? கால் இல்லையா?" என்று கேட்டாள். மாமனைப் பற்றி, அவர் உடம்பைப் பற்றி, அவர் தின்ற பலகாரத்தைப் பற்றிக்கூட ஏதோ சொன்னாள். சந்தில் ஆட்கள் கூடிவிட்டார்கள். பிள்ளைவீட்டார் வெற்றிலைத் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனார்கள்.

எல்லோரும் போன பிறகு வாத்தியார் நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு வழக்கம்போல மெதுவாகவே சொன்னார்: "அல்போன்சா, உன் தங்கச்சி வாழ்க்கைய ஒரு சத்தத்துல முடிச்சிட்டியே."

வெரோனிகா நல்ல புடவையை மாற்றி மடித்து வைத்துவிட்டுத் தண்ணீர் இறைக்கப் போய்விட்டாள்.

மறுநாள் முதல் பூசைக்குப் போன அல்போன்சா மாதா சுரூபத்தின் முன்னால் முழந்தாளிட்டு ஒரு சத்தியம் செய்தாள். இனிமேல் என் குரல் வாசலைத் தாண்டாது, தாயே. சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யும்போதும் கொலை செய்தவள் ஒப்புக்கொள்வதுபோல அதைத்தான் சொன்னாள்.

சொன்னதைக் காப்பாற்றினாள். அதுதான் ஆச்சரியம். தொண்டையை இறுக்கி இறுக்கிப் பழக்கி, கிசுகிசுவென்று பேசக் கற்றுக்கொண்டாள். அவளுக்கு நெஞ்சில் ஏதோ வியாதி என்று அக்கம்பக்கத்தில் பேசிக்கொண்டார்கள். கூடைக்காரி சொத்தைக் கத்திரிக்காயைத் தள்ளிவிட்டாலும் வாங்கி வந்தாள். யுத்தம் வந்து மண்ணெண்ணெய்க்கு வரிசை நின்ற காலத்தில், வரிசையின் தலையில் நின்றவளை ஒவ்வொருவராகத் தள்ளிக்கொண்டே வந்து வாலில் நிறுத்திவிடுவார்கள். வெறும் பாட்டிலோடு வீட்டுக்கு வருவாள். ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று பட்டணமே மூட்டை கட்டிக்கொண்டு ஓடியபோது, பவுல்சாமி வாத்தியார் போக மறுத்துவிட்டார். காலியான தெருக்களில் நாய்கள்கூடக் குரைக்க மறந்திருந்தன. அந்த அமைதி தன் வீட்டிலிருந்துதான் புறப்பட்டு ஊரெல்லாம் பரவியிருக்கிறது என்று அவளுக்குத் தோன்றியது.

தங்கைக்கும் அவளுக்கும் சண்டை எதுவும் இல்லை. பேச்சும் இல்லை. "சோறு ஆச்சா?" "ஆச்சு." "விளக்கு ஏத்தவா?" "ஏத்து." அவ்வளவுதான். வெரோனிகா கோயில் பள்ளிக்கூடத்தில் உபாத்தியாயினி ஆகியிருந்தாள். வேறு வரன் எதுவும் கூடிவரவில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்து மூன்று அக்டோபரில் அந்த மழை வந்தது. அந்த மாதிரி ஒரு மழையை அதற்கு முன்னால் பார்த்ததாகச் சாந்தோமில் யாரும் சொல்லவில்லை. அடையாறு கரையைத் தின்றுகொண்டே மேலே ஏறியது. ஆற்றோரக் குடிசைகள் ஒவ்வொன்றாகக் கரைந்து போயின. பானையையும் பிள்ளைகளையும் தலையில் வைத்துக்கொண்டு ஜனங்கள் இடுப்பளவுத் தண்ணீரில் நடந்து வந்தார்கள். கோயில் பள்ளிக்கூடத்தைத் திறந்துவிட்டார்கள். தலைமை உபாத்தியாயர் சைதாப்பேட்டையில் மாட்டிக்கொண்டார். பங்குச் சாமியார் இன்னும் ஆட்களை ஏற்றிவரப் படகு தேடிப் போயிருந்தார். பள்ளிக்கூடம் வெரோனிகாவின் பொறுப்பில் வந்துவிட்டது. அல்போன்சா அடுப்பு வேலைக்குப் போனாள்.

காலையில் பெரிய அண்டாவில் கஞ்சி காய்ச்சித் தாழ்வாரத்தில் கொண்டுவந்து வைத்தார்கள். ஆவியைக் கண்டதும் நானூறு ஐந்நூறு பேரும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள். முதல் நாள் முழுக்க யாருக்கும் வயிற்றில் எதுவும் விழவில்லை. தாழ்வாரம் குறுகல். பலசாலிகள் முன்னால் வந்துவிட்டார்கள். வெரோனிகா பள்ளிக்கூட மணியை அடித்தாள். தகரக் கூரைமேல் மழை கொட்டிய சத்தத்தில் பக்கத்தில் நின்றவனுக்குக்கூட மணி கேட்கவில்லை. "தயவுசெஞ்சு வரிசையா... தயவுசெஞ்சு..." என்று அவள் உதடுகள் அசைந்தன. யாரோ ஒருவருடைய முழங்கை பட்டு அவள் மூக்குக்கண்ணாடி கீழே விழுந்தது. அண்டாவுக்கு முட்டுக் கொடுத்திருந்த கல் ஒரு பக்கம் நகர்ந்தது. காலடியில் ஒரு குழந்தை விழுந்து வீறிட்டது.

அண்டாவுக்குப் பின்னால் அல்போன்சா அகப்பையோடு நின்றாள். உதட்டைக் கடித்திருந்தாள். வெரோனிகா அவள் பக்கம் திரும்பினாள். மூக்குக்கண்ணாடி இல்லாத அந்த முகம் சின்ன வயசு முகம் மாதிரி இருந்தது.

"அக்கா, கத்து."

அல்போன்சா தலையை ஆட்டினாள். முடியாது என்றாள். அதுவும் கிசுகிசுப்பாகத்தான் வந்தது.

"கத்துக்கா! அண்டா சாஞ்சா புள்ளைங்க வெந்துடும். கத்து!"

அல்போன்சா பெஞ்சின்மேல் ஏறினாள். வாயைத் திறந்தாள். முதலில் வெறும் காற்றுதான் வந்தது. வருஷக்கணக்காகப் பூட்டிக் கிடந்த கதவு அது. இரண்டாவது தடவை வந்தது குரல்.

"எல்லாரும் அப்படியே உக்காருங்க!"

மழைச் சத்தம் இருந்தது. ஆனால் அதற்கு மேலே அந்தக் குரல் இருந்தது. முன்வரிசை உட்கார்ந்தது. அதைப் பார்த்து அடுத்த வரிசை உட்கார்ந்தது. அலை திரும்புவதுபோலக் கடைசிச் சுவர்வரைக்கும் போய் எல்லோரும் உட்கார்ந்துவிட்டார்கள். நின்றது ஒரே ஒருவன். வண்ணார்துறையில் படகு தள்ளும் தனபாலன். நல்ல வாட்டசாட்டமான ஆள்.

"நீ யாரும்மா எங்கள உக்காரச் சொல்றதுக்கு? எனக்கும் பசிதான் கீது" என்றான்.

"பசிதானே? எனக்குத் தெரியுது. உனக்குப் பின்னால சுவரோரம் பாரு. ஒரு வயித்துப் புள்ளக்காரி உக்கார முடியாம சாஞ்சு கெடக்கறா. அவளுக்கு முந்தி நீ குடிச்சிடுவியா? குடிக்கறதுன்னா வா, முதல் கிண்ணம் உனக்கே ஊத்தறேன்."

தனபாலன் திரும்பிப் பார்த்தான். தலையைச் சொறிந்தான். "நான் இன்னா, பாக்கலம்மா" என்றான்.

"பாக்கலன்னா பரவாயில்ல. இப்ப வந்து இந்த அண்டாவப் பிடிச்சுக்கோ. உன் கைக்குத்தான் அது அடங்கும்."

அவன் வந்து பிடித்துக்கொண்டான். அல்போன்சா பெஞ்சின்மேல் நின்றபடியே ஒவ்வொருவராகக் கூப்பிட்டாள். "தூணாண்ட இருக்கற பெரியவரே, நீங்க எழுந்திரிக்க வேணாம், உங்களுக்கு அங்கியே வரும். கைப்புள்ளய வெச்சிருக்கறவங்க முன்னால வாங்க. சிவப்புச் சட்டை, நீ ரெண்டாந்தரம் வர, எனக்குத் தெரியும், போய் உக்காரு." கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. "இந்தம்மா தொண்டை இன்னா தொண்டையா! கப்பல் ஊதற மாதிரி கீது" என்றான் தனபாலன். மறுபடியும் சிரிப்பு. அவளுக்கு அது புது மாதிரியாக இருந்தது. ஜனங்கள் அவள் குரலைக் கேட்டுச் சிரித்தார்கள். ஆனால் அந்தச் சிரிப்பில் அவளும் உள்ளே இருந்தாள்.

கடைசிக் கிண்ணம் ஊற்றியானதும் இறங்கி வந்து அடுப்படியில் உட்கார்ந்தாள். சத்தியத்தை முறித்துவிட்டோம் என்ற பயமும், முறித்ததில் வந்த ஒரு நிம்மதியும் ஒன்றாக இருந்தன. வெரோனிகா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். கையில் விரிசல் விட்ட மூக்குக்கண்ணாடி இருந்தது.

"வெரோனி, உன் கல்யாணத்த நான்தான்..." என்று அல்போன்சா ஆரம்பித்தாள். அந்தப் பேச்சை அவர்கள் எடுத்தது அதுதான் முதல் தடவை.

"எனக்கு உன்மேல கோவம்தான்" என்றாள் வெரோனிகா. "இல்லன்னு சொல்ல மாட்டேன். அந்த மாமன் உடம்பைப் பத்தியெல்லாம் நீ பேசியிருக்க வேணாம். ஆனா கோவம் அதுக்கில்ல. அப்பாவோட கால் நடுங்குனத நானும் பாத்தேன்க்கா. பாத்துட்டுத் தலையக் குனிஞ்சுக்கிட்டேன். நீ கத்துன. அப்புறம் மறுநாள்லேர்ந்து வாய மூடிக்கிட்ட. கல்யாணமும் போச்சு, இருந்த ஒரு அக்காவும் போயிட்டா. ஆறு வருஷமா அந்த வீட்ல எனக்கு யாரு இருந்தா சொல்லு?"

தன் வாயைக் கட்டியது தங்கைக்குச் செய்யும் பரிகாரம் என்று அல்போன்சா நினைத்திருந்தாள். அதுவே தங்கைக்கு இரண்டாவது தண்டனையாக இருந்திருக்கும் என்று ஒருநாளும் தோன்றவில்லை. வெரோனிகாவின் தோளில் சாய்ந்து அழுதாள். அழுகையும் பெரிதாகத்தான் வந்தது. கஞ்சி குடித்துவிட்டுத் தாழ்வாரத்தில் சுருண்டிருந்த பிள்ளைகள் எட்டிப் பார்த்தன. "போங்கடா, ஒண்ணுமில்ல" என்று வெரோனிகாவே அவர்களை அதட்டினாள். அது யாருக்கும் கேட்டிருக்காது.

தண்ணீர் வடியும்வரை முகாமை அக்காவும் தங்கையுமாக நடத்தினார்கள். யாருக்கு எங்கே இடம், எந்தக் குழந்தைக்குக் காய்ச்சல் என்பதை வெரோனிகா யோசித்து வைப்பாள். அல்போன்சா அதை நடத்திவைப்பாள். அந்த நாட்களில் அல்போன்சா தன்னைப்பற்றி ஒன்றைக் கவனித்தாள். கூட்டத்தைப் பார்த்தால் மற்றவர்களுக்குக் கூட்டம் தெரிகிறது. அவளுக்கு முதலில் தெரிவது கூட்டத்தில் ஓரத்துக்குத் தள்ளப்பட்ட ஆள்தான். அன்று நிச்சயத்திலும் அப்படித்தான். பத்துப் பன்னிரண்டு பேர் இருந்த கூடத்தில் அவள் கண்ணுக்கு ஒரு நடுங்கும் கால்தான் தெரிந்தது. குரல் அதற்குப் பின்னால்தான் வந்தது. இத்தனை காலமும் குரலையே தன் குற்றமாக எண்ணி, அதை இழுத்துவரும் கண்ணை அவள் எண்ணிப் பார்க்கவில்லை.

முகாமுக்கு மருந்து கொண்டுவந்த கன்னியாஸ்திரீகளில் சிஸ்டர் ஆலிஸ் என்று ஒருவர். மயிலாப்பூரில் ஏழைகளுக்கான தர்ம மருந்தகம் ஒன்றைக் கவனித்து வந்தார். வெள்ளம் வடிந்த சில வாரங்களில் வாத்தியார் வீட்டுக்கு வந்தார்.

"அங்க காலையில கதவு திறந்தா ஒரே அடிதடி. பலமிருக்கறவன் மருந்து வாங்கிட்டுப் போறான், பலமில்லாதவன் வாசல்லயே விழறான். எனக்கு அல்போன்சா வேணும்" என்றார்.

சிஸ்டர் போன பிறகு வாத்தியார் சொன்னார்: "வாத்தியார் வீட்டுப் பொண்ணு வாசல்ல நின்னு கத்தற வேலைக்குப் போறதா? கொஞ்சம் யோசிம்மா."

"யோசிச்சேன்ப்பா. நீங்களும் வெரோனியும் பாடம் சொல்றீங்க. அது எனக்கு வராது. பாட்டு வராது. அடுப்பு வேலையும் சுமார்தான். எனக்கு வர்றது இது ஒண்ணுதான். இத வெச்சுக்கிட்டு நான் இனிமே பயந்துக்கிட்டே இருக்கப் போறதில்ல."

அவர் முகம் லேசாகச் சுருங்கியது. இந்தத் தடவை அது அவளைக் குத்தவில்லை. அவருக்கு அப்படி, தனக்கு இப்படி என்று மட்டும் நினைத்துக்கொண்டாள்.

முதல் வாரத்திலேயே ஒரு பாடம் கிடைத்தது. நல்ல பாடம் என்று சொல்ல முடியாது. வரிசையை ஒழுங்காக உட்கார்த்திவிட்டு நிமிர்ந்தபோது, கறுப்பு அங்கி போட்ட ஒரு பெண் துணிச்சுருள் ஒன்றை அணைத்துக்கொண்டு யாரையும் பார்க்காமல் நேரே உள்கதவுக்குப் போனாள். "ஏம்மா, இத்தன பேரு உக்காந்திருக்காங்க, உனக்கு மட்டும் தனி வழியா? பின்னால போ!" என்று அல்போன்சா ஒரு குரல் விட்டாள். அந்தப் பெண் நின்ற இடத்தில் ஆடிப்போனாள். திரும்பி வெளியே போய்விட்டாள்.

"ஐயோ, அது நம்ம ஜமீலுன்னிசா. புள்ளைக்கு ராத்திரிலேர்ந்து இழுத்துக்கினு கீதாம்" என்றாள் வரிசையில் இருந்த ஒருத்தி.

அல்போன்சா தெருவுக்கு ஓடினாள். "ஜமீலுன்னிசா! ஜமீலுன்னிசா!" என்று கூப்பிட்டாள். கச்சேரி ரோடே திரும்பிப் பார்த்தது. அந்தப் பெண் திரும்பவில்லை. இன்னும் வேகமாக நடந்தாள். கூப்பிடக் கூப்பிட அவள் தூரப் போனாள். அப்போதுதான் அல்போன்சாவுக்கு உறைத்தது: அவளுக்கு இது திட்டாகத்தான் கேட்கும். வாயை மூடிக்கொண்டு, செருப்பில்லாத காலோடு ஓடிப்போய், அவள் முன்னால் நின்று கையைப் பிடித்தாள்.

"திட்டாதீங்கம்மா, நான் போயிட்றேன்" என்றாள் ஜமீலுன்னிசா. முகத்திரைக்குள்ளிருந்து அழுகை கேட்டது.

"இல்லம்மா. தப்பு என்னுது. நான் பாக்காமப் பேசிட்டேன். வா, புள்ளய என்கிட்ட குடு" என்றாள் அல்போன்சா. ஆறு வருஷம் பழகிய அந்தச் சின்னக் குரலில்தான் சொன்னாள். அந்தக் குரல் வீணாகப் போன குரல் என்று அவள் எண்ணியிருந்தாள். அன்று அதுதான் கைகொடுத்தது. குழந்தையை வாங்கிக்கொண்டு, இன்னொரு கையால் தாயைப் பிடித்தபடி நடந்தாள். வாசலுக்கு வந்ததும் பழைய குரல் எழுந்தது: "வழி விடுங்க! எல்லாரும் வழி விடுங்க!"

குழந்தை பிழைத்தது. ஆனால் அன்றைக்குச் சாயங்காலம் அல்போன்சா சாப்பிடவில்லை. "குரல் வந்துடுச்சுன்னு நெனச்சு கண்ண மூடிக்கிட்டேன் வெரோனி" என்றாள். அதற்குப் பிறகு அவள் காலையில் வாசலுக்கு வந்தால் முதலில் ஒன்றும் பேச மாட்டாள். வரிசையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடப்பாள். நெற்றியைத் தொட்டுப் பார்ப்பாள். என்ன செய்கிறது என்று குனிந்து கேட்பாள். பிறகுதான் படிமேல் ஏறுவாள். ஜமீலுன்னிசா மருந்துக்காக வராத நாளிலும் அந்தப் பக்கம் போனால் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுப் போவாள்.

வருஷங்கள் போயின. யுத்தம் முடிந்தது, சுதந்திரம் வந்தது. தியாகராய நகரிலிருந்தும் மந்தைவெளியிலிருந்தும் அந்த மருந்தகத்துக்கு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். "வாசக்கார அக்கா இருக்காங்க, பயப்படாம போ" என்று ஒருவருக்கொருவர் சொல்லி அனுப்பினார்கள். வெரோனிகா பள்ளிக்கூடத்துக்குத் தலைமை உபாத்தியாயினி ஆனாள். பிறகு ஒருதரம் ஒரு வரன் வந்தபோது அவளே வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. அக்காவும் தங்கையும் அதைப் பற்றி நிறையப் பேசியிருக்க வேண்டும். அந்த வீட்டில் இப்போது பேச்சுக்குக் குறைவில்லை.

நாற்பத்தொன்பதாம் வருஷம் மார்கழியில் வாத்தியாருக்கு இருமல் கண்டு விடவில்லை. மகளிடம் சொல்லாமல், கம்பை ஊன்றிக்கொண்டு அவரே மருந்தகத்துக்கு வந்து வரிசையின் கடைசியில் நின்றார். அல்போன்சா நடந்து வரும்போது பார்த்துவிட்டாள்.

"பெரியவர் உங்கப்பாவாமே, முன்னால விடும்மா" என்றார்கள் இரண்டு பேர்.

அவள் அவர் நெற்றியைத் தொட்டாள். முதுகில் கை வைத்து மூச்சை இழுத்து விடச் சொன்னாள். "காய்ச்சல் இல்ல. இவருக்கு முந்தி அந்தக் கைப்புள்ள போகணும், அந்தம்மா போகணும். நேரமாகும்ப்பா" என்று சொல்லி ஒரு முக்காலியைக் கொண்டுவந்து போட்டாள். "உக்காருங்க."

அவர் உட்கார்ந்தார். மத்தியானம்வரை அங்கேதான் இருந்தார். மகளை அவர் வீட்டில் பார்த்திருக்கிறார், கோயிலில் பார்த்திருக்கிறார். அவள் இடத்தில் வைத்து இன்றுதான் பார்க்கிறார். அவள் குனிவதையும், காதோடு காதாகக் கேட்பதையும், யாரோ ஒருத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு வெறுமனே நிற்பதையும் பார்த்தார். பிறகு மருந்து வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

அன்று சாயங்காலம் வெரோனிகா சோறு போட்டுக்கொண்டிருந்தாள். அல்போன்சா கொல்லையில் கை கால் கழுவிக்கொண்டிருந்தாள்.

"இன்னைக்கு அவகிட்ட போயிருந்தேன்" என்றார் வாத்தியார்.

"எனக்குத் தெரியும்ப்பா, அக்கா சொன்னா."

"நாள் பூரா கத்தறான்னு நெனச்சுக்கிட்டிருந்தேன் வெரோனி. அவ சத்தம் போட்டதே ரொம்பக் கொஞ்சம். மிச்ச நேரமெல்லாம் பாத்துக்கிட்டே இருக்கா." கொஞ்ச நேரம் இருமினார். "உங்கம்மாவும் அப்படித்தான். எல்லார் மூஞ்சியையும் பாப்பா. ஆனா ஒண்ணும் சொல்ல மாட்டா. பயம்."

வெரோனிகா ரசக் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

கொல்லையிலிருந்து குரல் வந்தது: "வெரோனி! அப்பாவுக்கு மோர் ஊத்தாத, இருமல்!"

தெருக்கோடியில் யாரோ சிரித்தார்கள். வாத்தியார் தட்டை முன்னால் நகர்த்தி, இன்னும் கொஞ்சம் ரசம் கேட்டார்.